அணைந்துவிட்டது போலத் தெரிந்த தீ

எரிபொருள் தீயை எப்படி அணைப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. 14 வருடங்களாகச் செய்கிறேன். முதல் சில வருடங்கள் பயிற்சிக் களத்தில் பெட்ரோலும் டீசலும் மட்டுமே எரிந்தன. பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலப்பது அதிகமான பிறகு எத்தனால் தீக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கினோம். அந்த முதல் நாளை நான் மறக்கவே மாட்டேன்.

ஆளுயர அகலத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள். ஒன்றில் பெட்ரோல், இன்னொன்றில் எத்தனால். நல்ல உச்சி வெயில். பெட்ரோல் தட்டு ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துவிட்டு எரிந்து கரும்புகையைக் கக்கியது. அதை எல்லோரும் சேர்ந்து அணைத்தாயிற்று. அடுத்த தட்டில் பவுடர் அடித்தார்கள். மஞ்சள் நுனிகள் மறைந்தன. "சார், அணைஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு தம்பி முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தட்டை நோக்கி நடந்தார்.

தட்டுக்குப் பின்னால் இருந்த சுவர் அலையலையாக ஆடியது. அதைத்தான் முதலில் பார்த்தேன். "அப்படியே நில்லுப்பா!" என்று கத்தியதும் இரண்டடி தூரத்தில் நின்றுவிட்டார். நீளமான ஒரு கம்பின் நுனியில் துணியைச் சுற்றித் தட்டுக்கு மேல் நீட்டினேன். ஒன்றுமே இல்லாத காற்றில் துணி குப்பென்று பற்றிக்கொண்டது. தட்டின் பாதிப் பரப்பில் தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

பெட்ரோல் தீ ஏன் பளிச்சென்று தெரிகிறது என்றால், முழுதாக எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால். எத்தனால் மூலக்கூறில் இரண்டே கார்பன் அணுக்கள், கூடவே ஓர் ஆக்சிஜன். அதனால் கரி அதிகம் உண்டாவதில்லை. வெளிர்நீலச் சுடர் வெயிலில் கரைந்துபோகிறது. 15 சதவீதம் பெட்ரோல் கலந்த எத்தனால் கொஞ்சம் மஞ்சளாக எரியும், கண்ணுக்கும் படும்.

பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் எத்தனால் பெட்ரோலைவிடப் பாதுகாப்பானது என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். காரணமும் சொல்வார்கள். பெட்ரோலின் ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்குப் பக்கம். எத்தனாலுக்கு 13 டிகிரி. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றும். எத்தனால் ஆவி 3.3 சதவீதமாவது வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தரையாக ஊர்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொட்டு, வந்த வழியே திரும்பி எரியும். எத்தனால் ஆவியும் காற்றைவிடக் கனம்தான், ஆனால் ஒன்றரை மடங்கை ஒட்டித்தான். இதெல்லாம் உண்மை. திறந்த தரையில் கொட்டிய எரிபொருள் என்றால் பெட்ரோலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

மூடிய கேனுக்குள் கதை வேறு. பற்றுவதற்கு ஆவி இவ்வளவாவது வேண்டும் என்று ஒரு கீழ் எல்லை இருப்பதுபோல மேல் எல்லையும் உண்டு. ஆவி அதற்கு மேல் போனால் காற்று போதாமல் எரியாது. பெட்ரோலுக்கு அந்த மேல் எல்லை 7.6 சதவீதம். சாதாரண அறை வெப்பத்தில், பாதி நிறைந்த பெட்ரோல் கேனின் மேற்பகுதியில் இதைவிடப் பல மடங்கு ஆவி நிற்கும். உள்ளே பொறி விழுந்தாலும் பற்றுவது அரிது. கேனின் வாய்க்கு வெளியே, காற்றோடு கலக்கும் இடத்தில்தான் பற்றும். எத்தனாலின் மேல் எல்லை 19 சதவீதம். 20 டிகிரி வெப்பத்தில் பாதி நிறைந்த எத்தனால் கேனுக்குள் ஆவி கிட்டத்தட்ட 6 சதவீதம். அதாவது 3.3-க்கும் 19-க்கும் நடுவே, வெடிப்பதற்கு ஏற்ற கலவையாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. 13 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரைக்கும் இதே நிலைதான். மனிதர்கள் வேலை பார்க்கிற வெப்பநிலை பெரும்பாலும் இதற்குள் வந்துவிடுகிறது.

ஸ்பிரிட் என்பதும் பெரும்பாலும் எத்தனால்தான். எரிந்துகொண்டிருக்கும் ஸ்பிரிட் அடுப்பிலோ விளக்கிலோ பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிறவர்களுக்கு நேர்வது இதுதான். சுடர் மங்கிவிட்டது, அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுவார்கள். தீ பாட்டிலுக்குள் நுழையும். உள்ளே இருக்கும் ஆவி சட்டென்று எரிந்து, மீதித் திரவத்தை எரியும் பீச்சலாக வெளியே தள்ளும். எதிரே உட்கார்ந்திருப்பவர் சில மீட்டர் தள்ளி இருந்தாலும் அவர்மேல் படும். தீக்காயம் பட்டவர் பல நேரம் பாட்டிலைப் பிடித்தவர் அல்ல, வேடிக்கை பார்த்தவர். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. தயவுசெய்து எரியும் அடுப்பில் ஊற்றாதீர்கள். அணைத்து, முழுதாக ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.

அப்புறம் தண்ணீர். பெட்ரோல் தண்ணீரில் கலக்காது, மிதக்கும். அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் தீ தண்ணீரோடு சேர்ந்து பரவும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனால் தண்ணீரில் முழுதாகக் கலந்துவிடும், அதனால் நீர்த்துப்போகச் செய்து அணைத்துவிடலாம் என்பார்கள். கொட்டியது ஒரு குவளை எத்தனால் என்றால் சரி. ஆனால் ஒரு பங்கு எத்தனாலுக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்த பிறகும் அந்தக் கலவையின் ஃப்ளாஷ் பாயிண்ட் 36 டிகிரிதான். பக்கத்தில் எரிகிற தீயே அதை எளிதாகச் சூடேற்றிவிடும். 20,000 லிட்டர் டேங்கர் ஒன்று கவிழ்ந்தால் 80,000 லிட்டர் தண்ணீர் ஊற்றியும் பாதுகாப்பான நிலைக்கு வரவில்லை என்று அர்த்தம். நிரம்பி வழிந்து ஓடுகிற தண்ணீர் வேறு தீயைச் சுமந்துகொண்டு போகும்.

10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் இன்னொன்று நடக்கிறது. எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு கீழே இறங்கும், பெட்ரோல் மேலே நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு விதமான எரிபொருள். வண்டி டேங்கில் தண்ணீர் சேரக் கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

நுரையிலும் வித்தியாசம் உண்டு. பெட்ரோல் தீக்கு அடிக்கிற சாதாரண நுரையில் இருக்கும் தண்ணீரை எத்தனால் உறிஞ்சிவிடும். நுரை போட்ட வேகத்தில் அமுங்கிக் காணாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் தாங்கும் நுரை என்று தனியாக உண்டு. அதிலிருக்கும் பாலிமர், எத்தனால் மேல் ஒரு சவ்வு மாதிரி படிந்து நுரையைத் தாங்கிக்கொள்ளும். அதையும் திரவத்துக்குள் பாயும்படி நேராக அடிக்கக் கூடாது. சுவரிலோ தொட்டி விளிம்பிலோ பட்டு வழிந்து இறங்கும்படி மெதுவாக விட வேண்டும். கையில் நாசில் கிடைத்ததும் தீயின் நடுவே குறிவைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும், பயிற்சியில் பாதி நேரம் அந்தப் பழக்கத்தை மாற்றுவதிலேயே போகிறது.

சின்னத் தட்டில் எத்தனால் தீயின் அனல் பெட்ரோலைவிடக் குறைவாகத்தான் தெரியும். பெரிய தீயிலும் அப்படியே இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். 2012-ல் ஸ்வீடனில் 254 சதுர மீட்டர் பரப்பில் எத்தனாலை எரித்துப் பார்த்தபோது, கதிர்வீசும் அனல் பெட்ரோலைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. பெரிய பெட்ரோல் தீயை அதன் கரும்புகையே பாதி மூடிவிடுகிறது. எத்தனாலுக்கு அந்தத் திரை கிடையாது. இதைப் படித்த பிறகுதான் வண்டிகளையும் ஆட்களையும் நிறுத்தும் தூரத்தைக் கூட்டினேன்.

அந்தத் தம்பி இப்போது என்னோடு சேர்ந்து பயிற்சி கொடுக்கிறார். எத்தனால் வகுப்பை வேண்டுமென்றே நண்பகலில்தான் வைக்கிறோம். பவுடர் அடித்து முடிந்ததும் யாரையும் நகரவிடாமல், துணி சுற்றிய கம்பை எடுத்துக்கொண்டு அவர்தான் முதலில் போவார். நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டிய பிறகே மற்றவர்கள் முகக் கண்ணாடியைத் தூக்கலாம்.