சிண்டுவின் எக்ஸ்ரே

என் பூனை சிண்டு நொண்டுகிறாள் என்று கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அலமாரி மேலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, விலா எலும்புகளில் விரல் வைத்துக் காட்டினார். "இது இப்ப உடைஞ்சது. இந்த ரெண்டும் பழசு, தானாக் கூடியிருக்கு. விழுந்த அடி மாதிரி தெரியலம்மா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்ல உங்களையும் அடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

ஆறு வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அங்கேயே அழுதுவிட்டேன்.

என் கணவர் சிண்டுவை உதைத்தது அவள் செய்த எதற்காகவும் இல்லை. நான் அம்மாவிடம் போனில் பேசினால், எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால், அடி அவளுக்கு விழும். உதைத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார். அவருடைய சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே அவள் அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கிவிடுவாள். "நீ போனா இது உயிரோட இருக்காது" என்று சொல்லியிருந்தார். அதனாலேயே கட்டிய பையை இரண்டு முறை அவிழ்த்தேன். ஒரு பூனைக்காகவா என்று கேட்டால், ஆமாம், பூனைக்காகத்தான். ஃபிராங்க் அசியோன் என்ற உளவியலாளர் 1998-ல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால் படித்தேன். அமெரிக்காவின் யூட்டாவில் துணைவரின் அடிக்குத் தப்பிக் காப்பகத்துக்கு வந்த பெண்களில் பிராணி வளர்த்தவர்களைக் கேட்டபோது, 71 சதவீதம் பேர் துணைவர் அதைத் துன்புறுத்தினார், கொன்றார், அல்லது அப்படிச் செய்வேன் என்று மிரட்டினார் என்றிருக்கிறார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருத்துவர் எது பழைய காயம், எது புதியது என்று தேதி போட்டு எழுதி, ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். தடுப்பூசி அட்டையும் ரசீதுகளும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், நாளைக்குப் பூனை என்னுடையது என்று உங்கள் கணவர் வந்து நிற்கலாம் என்றார்.

பெண்களுக்கான உதவி எண்ணில் பேசிய ஆலோசகரிடம் முதல் கேள்வியே பூனையைப் பற்றித்தான் கேட்டேன். காப்பகத்தில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ, "சரி, முதல்ல அவளுக்கு இடம் பாப்போம்" என்றார். தோழிகள் வீடு வேண்டாம், கணவர் முதலில் அங்கேதான் தேடுவார் என்று, மருத்துவர் வழியாக முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் ஏற்பாடானது.

பூனைக்கூடையை மூன்று வாரம் திறந்தே போட்டு, உள்ளே என் பழைய துப்பட்டாவை விரித்து வைத்தேன். கிளம்பும் நாளில் துரத்திப் பிடிக்க நேரம் இருக்காது. அன்றைக்கு அவள் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தாள். கதவை மட்டும் சாத்தினேன்.

கணவரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டில் போட்ட மனுவில் சிண்டுவைச் சேர்க்க வக்கீல் தயங்கினார். என்னைப் பணிய வைக்க அவளை அடித்ததும் எனக்குச் செய்த கொடுமைதானே என்று வாதாடி, ஒவ்வொரு சம்பவத்தையும் தேதியோடு எழுத வைத்தேன். எக்ஸ்ரேயும் இணைப்பில் போனது.

நான்கு மாதம் கழித்து, தனி அறை கிடைத்ததும் அவளை அழைத்துவந்தேன். இரண்டு நாள் கூடையை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டேன்.