கசூத்தி கற்க ஆசையா? கவந்தியில் தொடங்குங்கள்

கசூத்தி என்பது கர்நாடகத்தின் பாரம்பரியக் கைத்தையல் பூவேலை. கடையில் கசூத்தி என்று சொல்லி ஒரு புடவையை விரித்தால் நான் முதலில் முந்தானையைத் திருப்பித்தான் பார்ப்பேன். உள்பக்கம் பாபின் நூல் வேறு நிறத்தில் ஓடியிருந்தால் அது மெஷின் வேலை. கசூத்தியின் தையல்களில் ஒன்றான கவந்தியைக் கையால் போட்டிருந்தால் முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படியே இருக்கும், ஒரு முடிச்சுகூட விரலில் தட்டாது.

வடகர்நாடகத்தில் தார்வாட், ஹூப்ளி பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் வேலை இது. அந்தப் பகுதியில் நெய்யும் இல்கல் புடவையின் முந்தானைப் பக்கம் கோபுரம், தேர், அம்பாரி யானை, துளசி மாடம் எல்லாம் பெரிதாக இருக்கும், உடல் பகுதிக்குப் போகப் போகச் சின்னச் சின்னப் பூவாகிவிடும். துணியில் டிரேசிங் எடுப்பதே கிடையாது. இழையை எண்ணித்தான் ஊசி குத்த வேண்டும்.

தையல் நான்கு: கவந்தி, முர்கி, நெய்கெ, மெந்தெ. மெந்தெ என்பது நமக்குத் தெரிந்த குறுக்குத் தையல்தான், சீக்கிரம் கைக்கு வந்துவிடும் என்பதால் பலர் அதில் தொடங்குகிறார்கள். நெய்கெ நெசவு மாதிரியே தெரியும். முர்கி படிக்கட்டு போல ஏறி இறங்கும். என்னைக் கேட்டால் கவந்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் கசூத்தியின் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.

பார்க்க அது வெறும் ஓட்டுத் தையல். ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று கோட்டின் கடைசிவரை போய், அதே துளைகள் வழியாகத் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்ப வேண்டும். நேர்கோட்டுக்கு இது சரி, ஆனால் கோபுரத்தில் கிளை பிரியுமே, அங்கேதான் யோசனை வேண்டும். கிளை பிரியும் இடம் வந்ததும் அந்தக் கிளையின் நுனிவரை ஓட்டி, நிரப்பிக்கொண்டே திரும்பி, அப்புறம்தான் பிரதான கோட்டில் மேலே போக வேண்டும். இந்தப் பாதையை ஊசி கோர்க்கும் முன்பே கிராஃப் தாளில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நடுவில் நூல் போக வழியில்லாமல் நிற்கும், அங்கிருந்து தாவினால் பின்பக்கம் அசிங்கமாகிவிடும்.

பழகுவதற்கு மேட்டி துணி (இழைகளை எளிதாக எண்ணக்கூடிய, கட்டம் கட்டமாக நெய்த துணி), முனை மழுங்கிய ஊசி, ஆறு இழை நூலில் இரண்டு இழை, அதுவும் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். ஆரம்பத்தில் முடிச்சுப் போடாமல் கொஞ்சம் நூலை வெளியே விட்டு, கடைசியில் அதைத் தையலுக்குள்ளேயே கோர்த்து மறைத்துவிடலாம்.

பட்டுத் துணியில் இழை எண்ணுவது கண்ணுக்குக் கஷ்டம். அதனால் பட்டின் மேலே கேன்வாஸ் துணியை ஓட்டுத் தையலில் பிடித்துக்கொண்டு, அதன் கட்டங்களை எண்ணி இரண்டு துணியையும் சேர்த்துத் தைப்பார்கள். வேலை முடிந்ததும் கேன்வாஸின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டும். தைக்கும்போதே நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் போடுங்கள், இல்லையென்றால் கேன்வாஸ் போன பிறகு தையல் தளர்ந்து நிற்கும்.