கரி வடிகட்டி: காற்றுக்குக் குறுக்குவழி விடாமல் செய்வது எப்படி

அறைக் காற்றிலுள்ள வாடையைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரை வீட்டிலேயே செய்ய ஒன்றரை நாள் பிடிக்கும். அதில் ஒரு நாள் பசை காய்வதற்கே போய்விடும். வேலை சுலபம்தான். ஆனால் செய்து முடித்த பிறகும் வாடை போகவில்லை என்றால், பெரும்பாலும் கரியில் குறை இருக்காது, கரியைச் சுற்றிக்கொண்டு போக காற்றுக்கு எங்கோ வழி கிடைத்திருக்கும்.

இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். பெயின்ட், வார்னிஷ், சமையல், சிகரெட் வாடைகளைக் கரி நன்றாகப் பிடிக்கும். தூசியையும் நுண்புகையையும் பிடிக்காது, அதற்கு நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வேண்டும். அம்மோனியா இதில் சரியாக நிற்காது. கார்பன் மோனாக்சைடைத் துளியும் தடுக்காது, அதனால் அடுப்போ ஜெனரேட்டரோ ஓடும் இடத்தில் இதை நம்பி இருக்கக் கூடாது.

அடுப்புக் கரியை உடைத்துப் போட்டால் ஆகாதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆகாது. இதற்கு வேண்டியது ஆக்டிவேட்டட் கார்பன், அதன் ஒரு கிராமில் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் உள்பரப்பு இருக்கும். அந்த நுண்துளைகள் 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தித் திறக்கப்பட்டவை. வீட்டு அடுப்பில் அது நடக்காது. காசை மிச்சம் பிடிப்பது கூட்டில் இருக்கட்டும், கரியை வாங்கிவிடுங்கள். தேங்காய் ஓட்டுக் கரி, 4×8 மெஷ், அதாவது சுமார் 2.4 முதல் 4.8 மி.மீ. வரையுள்ள குருணை. பொடியாக வாங்கினால் காற்று நுழையவே நுழையாது.

கூடு என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை உருளைகள். உயரம் 30 செ.மீ., உள் விட்டம் 10, வெளி விட்டம் 20. இடையில் 5 செ.மீ. கனத்துக்குக் கரி நிற்கும். கொசுவலை மட்டும் போட்டால் கரியின் எடையில் வெளிப்பக்கம் புடைத்து, கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும். எனவே வெளி உருளைக்கு 12 மி.மீ. வெல்ட் மெஷ்ஷை எலும்புக்கூடாக வைத்து, அதன் உட்புறம் 1.5 மி.மீ. கண் உள்ள கம்பிக் கொசுவலையை ஒட்டவைக்க வேண்டும். உள் உருளைக்குக் கொசுவலை வெளிப்புறம், அதாவது கரி படும் பக்கம். வெளி வலைக்கு 66 செ.மீ., உள் வலைக்கு 35 செ.மீ. நீளம் வெட்டினால் 3 செ.மீ. மேலேறி மடியும். அந்த மடிப்பை மெல்லிய கம்பியால் தைத்துவிடலாம்.

அடியில் பிளைவுட் வட்டத் தட்டு. மேலே நடுவில் 10 செ.மீ. துளையும் டக்ட் காலரும் (காற்றுக்குழாயை மாட்டும் வளையம்) உள்ள மூடி. அடித்தட்டையும் காலரையும் சிலிகானால் ஒட்டி, 24 மணி நேரம் காயவிட்ட பிறகே கரியைக் கொட்டுங்கள். புளிப்பு வாடை வரும் சிலிகான் காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடும். அவசரப்பட்டால் புதுக் கரி முதலில் அதைத்தான் குடிக்கும்.

நிரப்புவதை வெளியில், முகக்கவசத்தோடு செய்யுங்கள். கரியைக் கழுவ வேண்டாம், காயவைத்து மாளாது. சல்லடையில் சலித்துத் தூளை நீக்கினால் போதும். 5 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கூட்டைத் தரையில் இருபது தடவை தட்ட வேண்டும். மொத்தம் 7 லிட்டர், ஏறக்குறைய மூன்றரை கிலோ பிடிக்கும். எவ்வளவு தட்டினாலும் ஓட ஓடக் கரி இன்னும் கொஞ்சம் அமுங்கும். மேலே ஒரு விரல் இடைவெளி விழுந்தாலும் மொத்தக் காற்றும் அந்த வழியாகவே போய்விடும். அதற்காக, கரியைக் கொட்டும் முன்பே, இரண்டு வலைகளின் மேல்விளிம்பிலும் 3 செ.மீ. உயரத்துக்கு அலுமினிய டேப் சுற்றிவிட வேண்டும். கரி இறங்கினாலும் அங்கே காற்று நுழைய முடியாது. மூடிக்கடியில் ஒரு ஸ்பாஞ்ச் வளையம் வைத்தால் கரியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த டேப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டேப் போக, வேலை செய்யும் கரி சுமார் 6.3 லிட்டர். காற்று கரிக்குள் 0.1 விநாடியாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. ஃபேன் மணிக்கு 200 கன மீட்டர் காற்றை இழுத்தால் விநாடிக்கு 55 லிட்டர் சொச்சம், 0.11 விநாடி கிடைக்கும், சரி. கம்ப்யூட்டர் ஃபேன் வைத்தால் இறக்கை சுழலும், காற்று வராது. அந்த வகைக்குத் தடையை எதிர்த்து இழுக்கும் அழுத்தம் கிடையாது. மையவிலக்கு புளோயர் அல்லது டக்டில் பொருத்தும் இன்லைன் ஃபேன் வேண்டும். அதைக் காலரில் மாட்டி, வெளியிலிருந்து உள்நோக்கி இழுக்க விடுங்கள். வெளிப்பரப்பு பெரிது, அங்கே பாலியெஸ்டர் துணியைப் போர்த்தினால் தூசி சீக்கிரம் அடைக்காது. துணியை மாதம் ஒருமுறை மாற்றலாம்.

முதல் பத்து நிமிடம் வெளியில் ஓட்டி, காற்று வெளியேறும் வாயில் ஈர வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பிறகு மூடியின் ஓரத்திலும் காலர் இணைப்பிலும் ஊதுபத்தியைக் காட்டுங்கள். அங்கே புகை உள்ளே இழுபட்டால் ஓட்டை இருக்கிறது.

ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் நீராவியே துளைகளில் இடம் பிடிக்கும், திறன் குறையும். அதனால்தான் எடை ஏறுவதை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது. வாடை திரும்பினால் கரி தீர்ந்தது. வெயிலில் வைப்பதாலோ ஓவனில் சுடுவதாலோ அது புதிதாகாது, பிடித்து வைத்ததில் ஒரு பங்கை வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். அசெட்டோன் போன்ற கீட்டோன் கரைப்பான் ஆவி அடர்த்தியாக வரும் இடத்தில் இதை வைக்கவே வேண்டாம், கரி தானே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பழைய கரியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, அதே கூட்டில் புதுக் கரியை நிரப்பிக்கொள்ளலாம்.