ஏழாவது புத்தகம் கூழில் நிற்கிறது

மாதம் ஒரு புதுப் புத்தகம், ஒவ்வொன்றும் வேறு வேறு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்புரை என்று ஜனவரியில் தொடங்கியதில் ஆறு முடிந்துவிட்டது. நாவல், சிறுகதை, பயண நூல் எல்லாம் வாசித்த கையோடு எழுதினேன். ஏழாவதுதான் மூன்று கிழமையாக இழுக்கிறது. அது யாழ்ப்பாணச் சமையல் புத்தகம்.

சமைத்துப் பார்க்காமல் சமையல் புத்தகத்தைப் பற்றி எழுதக் கூடாது. வெளியீட்டு விழாக்களில் அட்டையையும் தாளையும் புகழ்ந்துவிட்டு இறங்கும் நயப்புரைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஊறிப்போன கோபம் இது. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு அருமை, மசாலாச் சரக்குகள் போட்டுக் காய்ச்சும் சரக்குத்தண்ணியும் சரி. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் மட்டும் வாயில் வைக்க முடியாத கசப்பு. நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் போட்டு ஒரு பானை வீண்.

மா பழசாக இருக்கும் என்று நினைத்துத் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் புதிதாக அரைக்கிலோ வாங்கி வந்தேன். மறுபடியும் கசப்பு. புத்தகத்தில் 'பனங்கிழங்கு மா 1 கப்' என்று மட்டும்தான் இருக்கிறது. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். கூழுக்கு ஒடியல் மா வேண்டும், ஆனால் கசப்பு அதில்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். முதல் கேள்வியே, "பிள்ளை, மாவை ஊறவிட்டு மேல்தண்ணியை வடிச்சனியோ?"

புத்தகத்தில் அந்த வரியே இல்லை! இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் மா அடியில் களிபோலப் படிந்து கிடந்தது. மேலே தெளிந்து நின்ற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், என் இரண்டு பானைக் கசப்பும் அதில் இருந்தது. வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, இன்னும் இரண்டு தரம் வடித்தேன். பிறகு செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்துக் கரைத்துவிட்டுக் காய்ச்சிய கூழை அம்மா பனையோலைப் பிளாவில் இரண்டு தரம் வாங்கிக் குடித்தா.

இதை மதிப்புரையில் எப்படிச் சொல்வது என்பதில்தான் இரண்டாம் பந்தி நிற்கிறது. ஒரு வரி விடுபட்டதற்காக நாற்பது நல்ல குறிப்புகளைத் தள்ள முடியாது. ஆனால் இந்தப் புத்தகத்தை வாங்கப்போவது கனடாவிலும் லண்டனிலும் பக்கத்தில் பெரியம்மா இல்லாத பிள்ளைகள், அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் கூழ். நாலு தரம் எழுதி நாலு தரமும் வெட்டிவிட்டேன். குறை சொல்லும் அளவு பிடிபடாமல், 1966இல் தொடங்கிய மல்லிகை இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்களை நூலகம் இணையத்தளத்தில் திறந்து வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் கஸ்தூரியார் வீதிக்குப் போனபோது எட்டாவதையும் வாங்கிவிட்டேன், கவிதைத் தொகுப்பு, மெல்லியது. இந்தியப் பதிப்பு ஒன்றும் கையில் எடுத்தேன், விலையை இலங்கைக் காசில் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். கவிதையை உரத்து வாசித்துத்தான் எழுதுவேன், மொட்டைமாடியில். ஒன்பதாவது சிறுவர் கதை, அதற்கு அக்காவின் மகன் இப்போதே கதிரை போட்டு இருக்கிறான்.

ஒடியல் மா இன்னும் ஒரு கூழுக்குக் காணும். சனிக்கிழமை ஒரே ஒரு தரம் மட்டும் வடித்துச் செய்து பார்த்துவிட்டுத்தான் அந்தப் பந்தி.