மாங்காயும் உலர் திராட்சையும்: சால்மன் கேள்வியில் அரியர் எடுத்த கதை

எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் செமஸ்டரில், 'சால்மனின் நீர்ச் சமநிலையில் ஹார்மோன்களின் பங்கு' என்று ஒரு பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீன். நன்னீருக்குப் புரோலாக்டின், கடலுக்குக் கார்டிசால் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வறையில் இரண்டும் இடம் மாறிவிட்டன. போதாக்குறைக்கு, மனித உடலியல் படித்த பழக்கத்தில் ஏ.டி.எச். (சிறுநீரைக் குறைத்து உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன்) என்றும் எழுதி வைத்தேன். மீனில் அதற்குப் பதிலாக இருப்பது வாசோடோசின் என்ற ஹார்மோன். அந்தத் தாள் அரியர்.

மறுபடி படித்தபோது ஹார்மோனை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் முதலில் பார்த்தேன். சால்மனின் ரத்தச் செறிவு சுமார் 300 மில்லிஆஸ்மோல் (உப்பு முதலிய கரைபொருள்களின் செறிவை அளக்கும் அலகு). கடல்நீர் சுமார் 1000. கடலில் அது உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு, தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். ஆற்றில் அது தண்ணீரில் ஊறும் உலர் திராட்சை. அதனால்தான் கடலில் தண்ணீர் குடிக்கிறது. சேரும் சோடியம், குளோரைடைச் செவுள் வெளியேற்றும். மெக்னீசியமும் சல்பேட்டும் சிறுநீரகத்தின் பொறுப்பு. ஆற்றில் நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து, செவுள் வழியே உப்பை இழுத்துக்கொள்கிறது.

சரி, இப்போது ஹார்மோன். ஆற்றில் உப்பு கசியாமல் காப்பது புரோலாக்டின். இதற்கு 1959-இல் பிக்ஃபோர்டும் ஃபிலிப்ஸும் செய்த சோதனையை எழுதுங்கள்: புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரியை நீக்கிய கில்லிமீன் நன்னீரில் சாகும், புரோலாக்டின் கொடுத்தால் பிழைக்கும். (சால்மன் அல்ல, கில்லிமீன். இதிலும் பலர் சறுக்குவார்கள்.)

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சால்மன் குஞ்சு கடலைத் தொட்ட பிறகு மாறத் தொடங்குவதில்லை. வசந்தத்தில் பகல் நீளும்போது, ஆற்றில் இருக்கும்போதே வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் உயர்ந்து, செவுளில் உப்பை வெளியேற்ற உதவும் சோடியம்-பொட்டாசியம் ஏ.டி.பி.யேஸ் நொதியின் வேலை கூடிவிடும். இந்த நிலைக்குப் பெயர் ஸ்மோல்ட். கார்டிசாலைக் 'கடல் ஹார்மோன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நன்னீரில் உப்பை உள்ளிழுக்கவும் அது துணை செய்கிறது.

அரியர் தேர்வில் வேறு மீன்: விலாங்கு. அது ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போவது. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மீன் வரைந்து, தண்ணீருக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன்.