லாக்டவுன் அசதியும் மூணு பந்தும்: ஜக்ளிங் இதுவரைக்கும்

2020 மார்ச் 11-ல உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை பாண்டமிக்னு சொன்னப்போ நம்ம எல்லாருக்குமே ஒரு வேகம் இருந்துச்சு, கை கழுவுறதென்ன, வாங்கின சாமானையெல்லாம் துடைச்சு வைக்கிறதென்ன, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் போட்டு விசாரிக்கிறதென்ன. அந்த வேகம் எங்க போச்சுன்னே தெரியல. ஆன் மாஸ்டன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இதுக்கு சர்ஜ் கெப்பாசிட்டின்னு ஒரு பேர் சொல்றாங்க. புயல் வெள்ளம் மாதிரி திடீர்னு வர்ற ஆபத்தை சமாளிக்க உடம்பும் மனசும் எடுத்து விடுற அவசர சக்தி அது, கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். புயல்னா அடிச்சு ஓஞ்சிடும், இது இன்னும் ரெண்டு வாரம் இன்னும் ரெண்டு வாரம்னு நீண்டுக்கிட்டே போனா சக்தி தீர்ந்துடுது, ஆபத்து மட்டும் அப்படியே நிக்குது.

எனக்கு வந்தது அழுகை இல்ல, ஒரு மந்தம். தூங்கி எழுந்தாலும் அசதி, போன் அடிச்சா எடுக்கத் தோணாது, எடுக்கலையேன்னு நாள் பூரா உறுத்தும். ரெஸ்ட் எடுக்கிறேன்னு படுத்துக்கிட்டு செய்தியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தா அது ரெஸ்டே இல்லை, மனசு காவல்காரன் வேலைய விடவே இல்லை. வீடியோ மீட்டிங்ல வர்ற அசதி வேற. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல அந்த அசதிக்கு நாலு காரணம் எழுதினார்: எல்லார் முகமும் ரொம்ப கிட்டத்துல முறைக்கிற மாதிரி இருக்கிறது, நம்ம மூஞ்சியை நாமளே பார்த்துட்டு இருக்கிறது, அசையாம உட்கார்றது, தலையாட்டுறது சிரிக்கிறதைக்கூட யோசிச்சு செய்ய வேண்டியிருக்கிறது. படிச்சப்போ நாலுமே எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு.

அதனால எனக்கு வேண்டியது ஸ்க்ரீன் இல்லாத, நின்னுட்டு செய்யுற, செய்யும்போது செய்தி பார்க்கவே முடியாத ஒண்ணு. பந்துகளை விழாம மாத்தி மாத்தி மேல போட்டுப் பிடிக்கிற ஜக்ளிங்ல ரெண்டு கையும் எப்பவும் பிஸியா இருக்கும், அதனால அது சரியா வந்துச்சு. (லாக்டவுன்ல புது மொழி கத்துக்கோ, கோர்ஸ் முடி, நேரத்தை வீணாக்காதேன்னு அறிவுரை சொன்னவங்க இருக்காங்களே, அசதில கிடக்கிறவனுக்கு அது இன்னொரு பாரம், அவ்வளவுதான்.)

பந்து தேவையில்லை, சாக்ஸை சுருட்டி உருண்டையாக்குங்க, விழுந்தா உருண்டு ஓடாது. கட்டில் முன்னாடி நில்லுங்க, ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பொறுக்க வேண்டாம். முதல்ல ஒரே பந்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, கண் உயரத்துக்கு வளைவா. அடுத்து ரெண்டு. இங்கதான் கை திருட்டு வேலை பண்ணும், ரெண்டாவது பந்தை மேல போடாம பக்கத்துக் கைக்கு நைசா கடத்திடும். முதல் பந்து உச்சிக்குப் போனதும் அதுக்கு அடியில புகுற மாதிரி ரெண்டாவதைப் போடணும், போடு, போடு, பிடி, பிடின்னு வாய்விட்டு சொன்னா தாளம் செட் ஆகுது. மூணுக்கும் இதே கதைதான். பார்வை கையில இல்ல, உச்சியில. பந்து முன்னாடி முன்னாடி போயி நீங்களும் பின்னாலயே நடந்தா சுவரைப் பார்த்து நில்லுங்க, தானா சரியாகிடும். உயரமா போட்டா நிறைய டைம் கிடைக்கும்னு தோணும், ஆனா டைம் ரெட்டிப்பாகணும்னா உயரம் நாலு மடங்கு வேணும், அந்த உயரத்துல குறி எங்கயோ போயிடும், அதனால கண் உயரமே போதும்.

மனசுக்கு என்ன ஆச்சுன்னா, பந்து காத்துல இருக்கிற வரைக்கும் கவலைப்பட இடமே இல்லை. விழுந்துச்சா பிடிச்சோமா, ரிசல்ட் உடனே தெரிஞ்சிடுது, எப்ப முடியும்னே தெரியாத ஒரு காலத்துல அந்த உடனடி முடிவு எனக்குப் பெரிய ஆறுதல். 2004-ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த ஆய்வுல, மூணு மாசம் ஜக்ளிங் பழகினவங்களுக்கு அசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கிற மூளைப் பகுதி கொஞ்சம் பெருசாச்சு, விட்டதும் குறைஞ்சுதுன்னு சொல்றாங்க. என் மூளை எவ்வளவு வளர்ந்துச்சோ, எரிஞ்சு விழறது குறைஞ்சிருக்கு, வீட்ல இருக்கிறவங்களே சொல்றாங்க. மந்தம் முழுசா போகல, செய்தி மோசமான நாள்ல பந்தை எடுக்கவே கை வராது, அப்ப எடுக்கிறதும் இல்லை, பொழுதுபோக்குக்கு அட்டென்டன்ஸ் எதுக்கு? ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கமும் கெட்டு, வாழ்ந்து என்னன்னு தோண ஆரம்பிச்சா சாக்ஸ் பந்தை நம்பி உட்காராதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க.

இப்ப நாலு பந்துக்கு வந்திருக்கேன், அது வேற ஆட்டம், பந்து கை மாறாது, ஒவ்வொரு கையும் தனியா ரெண்டு ரெண்டா சுத்தணும். வலது கை ஓரளவு ஓட்டுது. இடது கைக்கு மட்டும் தனி டியூஷன் நடந்துட்டு இருக்கு.