லாக் இருக்கிறதே, போதாதா?

லினக்ஸ் கர்னலில் எம்புரொடெக்ட்டை (மெமரிப் பகுதியைப் படிக்க, எழுத, இயக்க உள்ள அனுமதியை மாற்றும் அழைப்பு) வேகப்படுத்தும் பேட்ச் (கோட் மாற்றம்) ஒன்று ரிவ்யூவுக்கு வந்தது. மொத்தமே சில வரிகள்தான். அது படுத்திய பாட்டை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் பேட்ச் அப்ளையே ஆகவில்லை. அனுப்பியவரின் மெயில் மென்பொருள் டேப்களையெல்லாம் ஸ்பேஸாக்கிவிட்டிருந்தது. எந்த கமிட்டின் (கோட்டின் எந்த நிலையின்) மேல் எழுதியது என்ற குறிப்பும் இல்லை. தயவுசெய்து பேட்சைச் சிதைக்காமல் அனுப்பும் கிட் சென்ட்-ஈமெயிலில் அனுப்புங்கள், பேஸ் கமிட்டையும் சேருங்கள். பார்க்கிறவருக்கு ஒரு மாலைப்பொழுது மிஞ்சும்.

ஒரு மெமரிப் பக்கம் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன அனுமதி என்று சொல்வது பேஜ் டேபிள் என்ட்ரி. அதை மாற்றும்போது கர்னல் அதை அட்டாமிக்காக (நடுவில் யாரும் நுழைய முடியாத ஒரே செயலாக) எடுத்துக் காலி செய்துவிட்டு, புது அனுமதியோடு திரும்ப எழுதும். பேட்ச் அந்த அட்டாமிக்கைத் தூக்கிவிட்டது. வெறுமனே படித்து, மாற்றி, எழுதியது. ஏன் என்று கேட்டால், “பேஜ் டேபிள் லாக் கையில் இருக்கிறதே, வேறு யார் மாற்றப்போகிறார்கள்?” என்று ஒற்றை வரிப் பதில். லாக் என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் மாற்றும்படி கர்னல் கோட் போட்டுக்கொள்ளும் பூட்டு.

பிராசஸர் மாற்றும். அது எந்த லாக்குக்கும் காத்திருப்பதில்லை. எக்ஸ்86-இல் ஒரு பக்கத்தில் எழுதினால் டர்ட்டி பிட்டை (பக்கத்தில் எழுதியாயிற்று என்ற குறி) அந்த என்ட்ரியில் ஹார்ட்வேரே போடும். கர்னல் படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் அது நடந்தால், பழைய மதிப்பு மேலே விழுந்து பிட் காணாமல் போய்விடும்.

எவ்வளவு விளக்கியும் ஏற்கவில்லை, நிரூபிக்கச் சொன்னார். கர்னல் 4.5 பதிப்பில் வந்த எம்ஏடிவி_ஃப்ரீ (இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம் என்று கர்னலுக்குச் சொல்வது) இதற்குத் தோதானது. அது டர்ட்டி பிட்டை அழித்துவிடும், எழுதும் அனுமதியைத் தொடாது. மறுபடி எழுதினால் பக்கம் தப்பும். இல்லையென்றால் மெமரி நெருக்கடியில் கர்னல் அதை எறிந்துவிடும். சோதனை இப்படி: ஒரு த்ரெட் அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை எழுத, இன்னொன்று அதே பகுதிக்கு எக்ஸிக்யூட் அனுமதியைக் கொடுப்பதும் எடுப்பதுமாக இருக்க, கடைசியில் சிகுரூப் (புரோகிராம்களின் மெமரியைக் கட்டுப்படுத்தும் வசதி) வழியாக ரிக்ளெய்ம், அதாவது மெமரியைத் திரும்பப் பிடுங்குவது. (எழுதும் அனுமதியை எடுத்துவிடாதீர்கள், புரோகிராம் செக்ஃபால்ட்டில் (அனுமதியில்லாமல் மெமரியைத் தொட்ட பிழை) விழும்.) நெடுநேரம் ஓடவிட்டபின் ஒரு பக்கத்தில், எழுதிய மதிப்பு இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் நின்றது! அந்த டம்பை அப்படியே பதிலில் ஒட்டினேன். அதற்குமேல் வாதம் வரவில்லை.

வேகக் கணக்கும் தேறவில்லை. அவர் காட்டிய எண்கள் லேப்டாப்பில் ஓடிய விர்ச்சுவல் மெஷினில் எடுத்தவை. நிஜ மெஷினில், சிபியு வேகத்தை நிலையாக வைத்து அளந்தால் வித்தியாசம் அளவீட்டு இரைச்சலுக்குள் அடங்கிவிட்டது.

அடுத்த பதிப்பில் அட்டாமிக்கைத் தொடவில்லை. லூப்புக்குள் பக்கத்துக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சோதனையை வெளியே எடுத்தது மட்டும்தான் மாற்றம். சுத்தமான வேலை, மனநிறைவோடு ரிவ்யூட்-பை (பார்த்து ஒப்புக்கொண்டேன் என்ற குறிப்பு) கொடுத்தேன். என் டெஸ்ட் புரோகிராமை இப்போது கர்னலின் சோதனைத் தொகுப்பான செல்ஃப்டெஸ்ட்டில் சேர்க்கத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.